காம்பேக்ட் செடானா, மிட்சைஸ் செடானா? பின்சீட், டிக்கி, டயர், மைலேஜ்: அளந்து பார்த்து முடிவெடுக்க

#1 · பின்னிருக்கை

வணக்கம். செடான் என்பது முடிவாகிவிட்டது. எந்த அளவு என்பதில்தான் இழுபறி. ஒரு பக்கம் சிவிக், கொரோலா, எலான்ட்ரா. மறுபக்கம் அக்கார்ட், கேம்ரி, சொனாட்டா. 4 மீட்டருக்குள் அடங்கும் குட்டி செடான்கள் பட்டியலில் இல்லை.

பயன்பாடு இதுதான்: வார நாட்களில் ஒருவர் அல்லது இருவர், நெரிசலான நகர ஓட்டம். மாதத்தில் ஓரிரு முறை நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை, 300 கி.மீ. நெடுஞ்சாலை. பெரியவர்களில் ஒருவர் முதியவர். குழந்தைக்குத் தனிச் சீட் மாட்ட வேண்டும். ஓட்டுபவர் உயரம் 180 செ.மீ. ஆண்டுக்குச் சுமார் 15,000 கி.மீ. நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5.2 மீட்டர் நீளம், இரு பக்கமும் சுவர்.

எல்லா விமர்சனங்களிலும் "இடம் தாராளம்" என்றே இருக்கிறது. எதை அளந்து எப்படி ஒப்பிடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · அளவுநாடா

முதலில் வகுப்புப் பெயரை நம்பாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இ.பி.ஏ.) செடான்களை வெளி நீளத்தால் பிரிப்பதில்லை, பயணிகள் இடத்தையும் டிக்கியையும் கூட்டி வரும் உட்கொள்ளளவால் பிரிக்கிறது. 100 முதல் 110 கன அடிக்குள் இருந்தால் காம்பேக்ட், 110 முதல் 120க்குள் மிட்சைஸ், 120ஐத் தொட்டால் பெரிய கார். அந்தக் கணக்கில் கொரோலா காம்பேக்ட். ஆனால் விற்பனையில் அதே வரிசையில் நிற்கும் சிவிக்கும் எலான்ட்ராவும் மிட்சைஸ். அக்கார்ட் பெரிய கார் வகுப்புக்கே போய்விடுகிறது. எனவே "காம்பேக்ட் என்றால் பின்சீட் இடிக்கும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்தக் கார் என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வட அமெரிக்கச் சந்தை அளவுகள், மி.மீட்டரில், ஏறத்தாழ:

கொரோலா (2020 முதல்): நீளம் 4630, அகலம் 1780, வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2700
சிவிக் (2022–2024): 4673, 1801, 2735
எலான்ட்ரா (2021–2023): 4676, 1825, 2720
கேம்ரி (2018–2024): 4880, 1840, 2825
அக்கார்ட் (2023 முதல்): 4971, 1862, 2830

வெளியே 20 முதல் 30 செ.மீ. வித்தியாசம். உள்ளே அது எவ்வளவாக மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பின்சீட் லெக்ரூமை (கால் நீட்டும் இடம்) மட்டும் பார்த்தால் ஏமாற்றும். அந்த அளவு முன்சீட் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது; முன்சீட்டில் கொஞ்சம் குறைத்துக் காட்டினால் பின்சீட்டில் கூடிவிடும். முன் லெக்ரூமையும் பின் லெக்ரூமையும் கூட்டிப் பாருங்கள், அங்கே ஒளிக்க இடமில்லை:

கொரோலா: 42.0 + 34.8 = 76.8 அங்குலம்
சிவிக்: 42.3 + 37.4 = 79.7
கேம்ரி: 42.1 + 38.0 = 80.1
எலான்ட்ரா: 42.3 + 38.0 = 80.3
அக்கார்ட்: 42.3 + 40.8 = 83.1

கேம்ரியும் எலான்ட்ராவும் ஒரே நிலையில் நிற்கின்றன, எலான்ட்ராவின் வீல்பேஸ் 10 செ.மீ. குறைவாக இருந்தும். கொரோலாவுக்கும் அக்கார்டுக்கும் இடையே 6.3 அங்குலம், அதாவது 16 செ.மீ. ஒரே வகுப்புக்குள் இருக்கும் இடைவெளி சில சமயம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் இருப்பதைவிடப் பெரிது.

#3 · டயர்_தடம்

> அங்கே ஒளிக்க இடமில்லை

லெக்ரூமுக்கு சரி. ஆனா உட்கார்ந்து 300 கி.மீ. போகப்போறது கால் நீளம் மட்டும் இல்லையே. தொடைக்குத் தாங்கல் வேணும். பின்சீட் மெத்தை தரையிலிருந்து தாழ்வா இருந்தா முழங்கால் மேலே தூக்கிக்கிட்டு நிக்கும், உடம்பு பாரம் முழுக்க இடுப்பு எலும்பில இறங்கும். ஒரு மணி நேரத்துல வலி ஆரம்பிச்சிடும். முழங்காலுக்கு முன்னாடி ஒரு சாண் இடம் இருந்தாலும் இதுக்கு உதவாது.

டேப் எடுத்துட்டு போய் மூணு அளவு எடுங்க.

ஒண்ணு, கால் வைக்கிற தரையிலிருந்து மெத்தையோட முன் விளிம்பு வரை உயரம். 33 செ.மீ.க்கு மேல இருந்தா நல்லது, 30க்குக் கீழே போனா பெரியவங்களுக்கு சிரமம்.

ரெண்டு, மெத்தையோட நீளம், சாய்மானத்திலிருந்து முன் விளிம்பு வரை. 46–48 செ.மீ. இருந்தா தொடை தாங்கும்.

மூணு, முன்சீட்டுக்கு அடியில பாதம் நுழையுதான்னு பாருங்க. முன்சீட்டை முழுக்கக் கீழே இறக்கி வச்சுட்டுப் பார்க்கணும். நிறைய கார்ல சீட்டை இறக்கினா பாதம் போக வழி இல்ல. ஹைப்ரிட்னா காற்றுக் குழாய், வயரிங் எதாவது அங்கே வருதான்னும் பார்த்துக்கோங்க.

இந்த மூணுலயும் மிட்சைஸ் பெரும்பாலும் ஜெயிக்கும். கூட்டுத்தொகையில சமமா இருக்கிற எலான்ட்ராவையும் கேம்ரியையும் இப்படி அளந்து பார்த்தாதான் எது உங்களுக்குன்னு தெரியும்.

#4 · பட்டறைக்குறிப்பு

நிறுத்துமிடக் கணக்கை யாரும் தொடவில்லை. இவருக்கு அதுதான் முதல் வடிகட்டி.

நீளம்: 5.2 மீட்டரில் அக்கார்ட் நின்றால் மீதி 23 செ.மீ. கேம்ரிக்கு 32. சிவிக், எலான்ட்ராவுக்கு 52 அல்லது 53. டிக்கிக்குப் பின்னால் ஒருவர் நின்று பெட்டி ஏற்ற 60 செ.மீ.யாவது வேண்டும். ஆக எந்தக் காராக இருந்தாலும் வெளியே எடுத்துத்தான் சாமான் ஏற்ற வேண்டும். ஆனால் மிட்சைஸில் பின்சுவருக்கும் பம்பருக்கும் நடுவே கை அகலம்தான் இருக்கும். தினமும் கேமரா, சென்சாரை நம்பி நிறுத்த வேண்டும். தரையில் ஒரு தடுப்புக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் அதில் முட்டி நிற்கும் இடம், பம்பருக்குப் பின்னால் 15 செ.மீ. விடுமாறு இருக்கட்டும்.

அகலம்: விவரத்தாளில் வரும் அகலம் கண்ணாடி சேராதது. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் 20 முதல் 25 செ.மீ. சேரும். 2.5 மீட்டரில் அக்கார்ட் நின்றால் பக்கவாட்டில் மொத்தம் 64 செ.மீ., சிவிக்குக்கு 70. பயணி பக்கச் சுவரில் 10 செ.மீ. விட்டு ஒட்டி நிறுத்தினால் ஓட்டுநர் பக்கம் 54, அல்லது 60. கதவை முழுக்கத் திறக்க முடியாது. ஒருவர் பக்கவாட்டில் நழுவி இறங்க 55 செ.மீ. சுமாரான எல்லை. சிவிக்கில் இறங்கலாம். அக்கார்டில் இறங்க முடியும், ஆனால் கதவு விளிம்பு சுவரில் படும். சுவரில் ரப்பர் பட்டை ஒட்டுவது கட்டாயம்.

முதியவரை நிறுத்துமிடத்துக்குள் வைத்து ஏற்றவே முடியாது, இரண்டு வகுப்பிலும்.

#5 · பின்னிருக்கை

இந்தக் கணக்கைப் போட்டிருக்கவில்லை, மிக்க நன்றி. முதியவர் ஏறி இறங்குவதற்கு மிட்சைஸ் எளிதாக இருக்குமா? முழங்கால் வலி உள்ளவர்.

#6 · பட்டறைக்குறிப்பு

ஏறி இறங்குவதில் வகுப்புக்குப் பெரிய பங்கு இல்லை. இரண்டுமே தாழ்வான கார்கள். சீட் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர்தான். மிட்சைஸ் பலவற்றில் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் தலை இடிக்கும் வாய்ப்பு அதிகமாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியவை:

நடுத்தூணின் அடிப்பகுதிக்கும் பின்மெத்தையின் முன் விளிம்புக்கும் நடுவே பாதம் நுழையும் இடைவெளி. ஷூ போட்ட பாதத்தைத் திருப்பாமல் வெளியே எடுக்க 25 முதல் 30 செ.மீ. வேண்டும். இங்கே மிட்சைஸ் கொஞ்சம் உதவும்.

கதவுச் சட்டத்தின் கீழ்ப்படி எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம். படி அகலமாக இருந்தால் காலைத் தூக்கி நீட்டி வைக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்கு இதுதான் எதிரி.

முதியவர் முன்சீட்டில் அமரலாம் என்றால் அதையே சொல்வேன். பயணி பக்க முன்சீட்டுக்கு உயரச் சரிசெய்தி இருக்கும் வேரியன்ட்டை எடுங்கள். பல காம்பேக்ட்களில் ஓட்டுநர் சீட்டுக்கு மட்டும்தான் அது வரும். மிட்சைஸில் மேல் வேரியன்ட்களில் பயணி சீட்டுக்கும் கிடைக்கும். அவரை நேரில் அழைத்துப் போய், ஏறி, பெல்ட் போட்டு, இறங்கச் சொல்லுங்கள். விவரத்தாளில் இதற்குப் பதில் கிடையாது.

#7 · அளவுநாடா

குழந்தைச் சீட் பற்றி. பின்சீட்டில் குழந்தைச் சீட்டோடு இரண்டு பெரியவர்கள் உட்கார வேண்டும், சரிதானே? இங்கே எல்லோரும் மிட்சைஸ்தான் விடை என்று நினைப்பார்கள். பின் தோள் அகலத்தைப் பாருங்கள்: சிவிக் 56.0 அங்குலம், அக்கார்ட் 56.5, கேம்ரி 55.7, எலான்ட்ரா 55.6. எல்லாமே 141 முதல் 144 செ.மீ.க்குள். நீளத்தில் பெருகிய கார் அகலத்தில் பெருகவில்லை. கொரோலா மட்டும்தான் 52 அங்குலத்துக்குக் கீழே.

ஐ-சைஸ் (குழந்தைச் சீட்டுகளுக்கான ஒரு பாதுகாப்புத் தரம்) விதிப்படி வரும் குழந்தைச் சீட்டின் அதிகபட்ச அகலம் 44 செ.மீ. ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தைச் சீட்டை நேராகக் காரில் மாட்டுபவை) ஒரே இடத்தில் பற்றுவதால் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே சில செ.மீ. வீணாகும். அதையும் கழித்தால் இரண்டு பெரியவர்களுக்கு மிஞ்சுவது 90 செ.மீ. சுமார். குளிர்கால உடையில்லாமல் இரண்டு சராசரி உடம்பு நெருக்கியடித்து உட்காரலாம்.

அதைவிடப் பெரிய தொல்லை பெல்ட் கொக்கி. குழந்தைச் சீட்டின் அடித்தளம் நடுச்சீட்டின் பெல்ட் கொக்கியை மூடிவிடும், அல்லது கை நுழையாத அளவுக்கு நெருக்கிவிடும். பெல்ட் போட முடியாத இடத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. கார் வாங்கும் முன்பே குழந்தைச் சீட்டை எடுத்துப் போய் மாட்டி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கொக்கி "கிளிக்" ஆகிறதா, பின் எளிதாகக் கழல்கிறதா என்று பாருங்கள்.

பின்பக்கம் பார்த்த சீட் என்றால் லெக்ரூம் மறுபடி முக்கியமாகும். அது சாய்ந்து நிற்பதால் முன்சீட்டை முன்னே தள்ள வேண்டிவரும். 180 செ.மீ. உயர ஓட்டுநருக்குப் பின்னால் அதை மாட்டாதீர்கள். பயணி பக்கம் மாட்டுங்கள். ஆனால் முன்னே முழங்கால் வலி உள்ளவர் உட்காரப் போகிறார் என்றால் அவருடைய இடமும் சுருங்கும். இந்த ஒரு காரணத்துக்காகக் கொரோலாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சிவிக், எலான்ட்ராவில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அக்கார்டில் கவலை இல்லை.

#8 · டயர்_தடம்

ஒரு விஷயம் விட்டுப் போச்சு: பாரம். ஓட்டுநர் கதவைத் திறந்தா நடுத்தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ ஏத்தலாம்னு அதுல போட்டிருப்பாங்க, இல்லேன்னா மொத்த எடை எல்லையிலிருந்து காரோட எடையைக் கழிச்சுக்கணும். மிட்சைஸ் அதிகம் தூக்கும்னு நினைக்காதீங்க. ரெண்டு வகுப்பிலும் நிறைய செடான்கள் 380–450 கிலோவுக்குள்ளதான்.

உங்க கணக்கு: பெரியவங்க நாலு பேர் 280 கிலோ, குழந்தை 15, குழந்தைச் சீட் 10–15, பெட்டிகள் 60. மொத்தம் 370. எல்லைக்குப் பக்கத்துல வந்தாச்சு. அந்தப் பாரத்துல பின்பக்கம் நாலஞ்சு செ.மீ. இறங்கும், ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். வீல்பேஸ் நீளமான கார்ல நடுவயிறு தட்டுற வாய்ப்பு கொஞ்சம் கூட. நேரா ஏத்தாம கொஞ்சம் சாய்வா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தினா தப்பிக்கலாம்.

டயர் காற்றும் அதே ஸ்டிக்கர்ல இருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தா, உதாரணமா 33க்குப் பதில் 36–38 பி.எஸ்.ஐ., கிளம்புறதுக்கு முன்னாடி டயர் குளிர்ந்திருக்கும்போது அடைச்சுக்கோங்க. குறைஞ்ச காற்றுல முழுப் பாரத்தோட வேகமா போனா டயரோட பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். நெடுஞ்சாலை டயர் வெடிப்புக்கு முக்கியக் காரணமே இதுதான்.

#9 · நெடுஞ்சாலை_விளக்கு

இதுவரை எல்லாம் இட அளவு. மிட்சைஸுக்கு ஆட்கள் கூடுதலாகச் செலவழிப்பதன் நியாயம் நெடுஞ்சாலை அமைதியில்தான் இருக்கிறது. சப்ஃபிரேமுக்கும் (என்ஜின், சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பாடிக்கும் நடுவே தடித்த ரப்பர் புஷ்கள், கதவில் இரட்டை ரப்பர் விளிம்பு, முன்கதவுக் கண்ணாடியில் ஒலியடக்கும் இரட்டை அடுக்கு, தரைக்கு அடியில் கூடுதல் பூச்சு: இவை மிட்சைஸில் பரவலாக வருகின்றன. முரட்டுத் தாரில் 80–100 கி.மீ. வேகத்தில் எழும் தாழ்ந்த "ஹூம்" ஓசை காதை அழுத்திக்கொண்டே இருக்கும். களைப்பு அதனால்தான் வருகிறது. அதை அடக்க எடை வேண்டும். காம்பேக்டில் அந்த எடையைப் போட இடமில்லை.

வீல்பேஸ் நீளம் இன்னொன்று செய்யும். முன்சக்கரம் மேட்டைத் தொட்டதற்கும் பின்சக்கரம் தொடுவதற்கும் நடுவே நேரம் கூடும். காரின் முன்பின் ஆட்டம் மெதுவாக, குறைவாக இருக்கும். பின்சீட்டில் இருப்பவருக்கு வாந்தி வருவதும் வராததும் பல சமயம் இதைப் பொறுத்தது.

ஆனால் சஸ்பென்ஷன் வகையைக் கட்டாயம் கேளுங்கள். காம்பேக்ட்களிலேயே இரண்டு ரகம் உண்டு. சிவிக்கில் பின்னால் மல்டிலிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவின் சாதாரண வேரியன்ட்களில் டார்ஷன் பீம், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு. எலான்ட்ராவில் சாதாரண பெட்ரோல் வேரியன்ட்டுக்கு டார்ஷன் பீம், அதே காரின் ஹைப்ரிட்டுக்கு மல்டிலிங்க். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் பீம் அந்த உதறலை மறுபக்கத்துக்கும் கடத்தும். முழுப் பாரத்தில், முரட்டுச் சாலையில்தான் இந்த வித்தியாசம் தெரியும். தனியாக நகரத்தில் ஓட்டினால் தெரியாது.

#10 · டயர்_தடம்

> மிட்சைஸுக்கு ஆட்கள் கூடுதலாகச் செலவழிப்பதன் நியாயம் நெடுஞ்சாலை அமைதியில்தான்

இதை ஒத்துக்க மாட்டேன், டயர் சைஸைச் சொல்லாம. எந்த வேரியன்ட்னு பார்க்கணும். பக்கச்சுவர் உயரம் கணக்குப் போடுங்க: அகலத்தை விகிதத்தால பெருக்கினா போதும். 205/55 ஆர்16ன்னா அகலம் 205 மி.மீ., விகிதம் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்.

205/55 ஆர்16 (கொரோலா கீழ் வேரியன்ட்): 113 மி.மீ.
215/55 ஆர்16 (சிவிக் கீழ் வேரியன்ட்): 118
205/65 ஆர்16 (கேம்ரி எல்இ): 133
225/50 ஆர்17 (அக்கார்ட் கீழ் வேரியன்ட்): 113
235/40 ஆர்18 (சிவிக் ஸ்போர்ட்): 94
235/40 ஆர்19 (அக்கார்ட் மேல் வேரியன்ட்): 94

அக்கார்ட் மேல் வேரியன்ட்டும் சிவிக் ஸ்போர்ட்டும் ஒரே பக்கச்சுவர் உயரம். 19 அங்குலத்துல ஓடுற மிட்சைஸைவிட 16 அங்குலத்துல ஓடுற காம்பேக்ட் சிறு குழிகளை மென்மையா விழுங்கும். 94 மி.மீ. டயர் குழியில இறங்கினா ரிம் வளையும், பக்கச்சுவர்ல கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வந்தா டயர் மாத்தியே ஆகணும், பஞ்சர் வேலை ஆகாது. பெரிய ரிம் டயர் விலையும் கூட, எல்லாக் கடையிலயும் கிடைக்காது. அகல டயர் போட்ட வேரியன்ட்ல ஸ்டீயரிங் கடைசி வரை திரும்பாது. சில மாடல்ல திருப்பு வட்டம் அரை மீட்டர் வரை கூடும். உங்க குறுகலான இடத்துக்கு அதுவும் கணக்கு.

என் கருத்து: வகுப்பைத் தேர்ந்தெடுங்க, ஆனா எந்த வகுப்பா இருந்தாலும் சின்ன ரிம் வேரியன்ட்டை எடுங்க.

#11 · நெடுஞ்சாலை_விளக்கு

டயர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் குழியில் மென்மை வேறு, 100 கி.மீ. வேகத்தில் அமைதி வேறு. பக்கச்சுவர் குழியின் அடியை வாங்கும், ஓசையை அடக்காது. ஒரே ரிம் அளவில் இரண்டு வகுப்பையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், மிட்சைஸ் தனியாகத் தெரியும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். இரண்டு காரையும் ஒரே நாளில், ஒரே வழியில் ஓட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், பின்சீட்டில் இரண்டு பேராவது வேண்டும். காற்றழுத்தத்தை நீங்களே சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். விற்பனை நிலையக் கார்களில் அது கண்டபடி இருக்கும். முரட்டுத் தாரில் 80, பிறகு 100. ஏசி காற்றாடி கடைசிக்கு முந்திய அளவில், பாட்டு நிறுத்தி. பின்சீட்டில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசட்டும்; முன்னால் கேட்கிறதா? கைபேசியின் ஒலி அளவி துல்லியமில்லை, ஆனால் அதே கைபேசியை இரண்டு காரிலும் அதே இடத்தில் வைத்தால் வித்தியாசம் நம்பத்தக்கது. 3 டெசிபல் வந்தாலே காதுக்குத் தெரியும். 60லிருந்து 100 வரை முழுப் பாரத்தோடு முந்திப் பாருங்கள்; என்ஜின் ஓலமிடுகிறதா என்று கேளுங்கள். சிவிடி (படிநிலை கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) உள்ள காம்பேக்டில் இந்த இடத்தில்தான் பலர் மனம் மாறுகிறார்கள்.

#12 · ஹைப்ரிட்_கணக்கு

மைலேஜ் பேச்சே வரவில்லை. "பெரிய கார் எண்ணெய் குடிக்கும்" என்பது ஹைப்ரிட் வந்த பிறகு செல்லாது. இ.பி.ஏ. கூட்டு மதிப்புகளை லிட்டருக்கு கி.மீ. ஆக்கினால்:

சிவிக் 2.0 பெட்ரோல் (2022): 14.9
அக்கார்ட் 1.5 டர்போ (2023): 13.6
அக்கார்ட் ஹைப்ரிட் இஎக்ஸ்-எல் (2023): 20.4
கொரோலா ஹைப்ரிட் எல்இ (2023): 21.3
கேம்ரி ஹைப்ரிட் எல்இ (2021–2024): 22.1

15,000 கி.மீ.க்கு சிவிக் பெட்ரோல் 1,007 லிட்டர், அக்கார்ட் டர்போ 1,103. பெட்ரோலுக்குப் பெட்ரோல் ஒப்பிட்டால் ஆண்டுக்கு நூறு லிட்டர்தான் வித்தியாசம். அக்கார்ட் ஹைப்ரிட் 735. மிட்சைஸ் ஹைப்ரிட் காம்பேக்ட் பெட்ரோலை நன்றாகவே முந்துகிறது.

காரணம் எளிது. நெடுஞ்சாலையில் எண்ணெயைத் தின்பது காற்று எதிர்ப்பு. செடான்களின் முகப்புப் பரப்பும் வடிவமும் இரண்டு வகுப்பிலும் நெருங்கியவை. நகரத்தில் தின்பது எடையை நிறுத்தி நிறுத்திக் கிளப்புவது. மிட்சைஸின் கூடுதல் 130–160 கிலோ அங்கேதான் உறுத்தும். ஹைப்ரிட் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்தியில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்வதால் எடையின் தண்டனை குறைகிறது.

டயர் நண்பர் சொன்னதற்கு ஒரு சான்று: அதே கேம்ரி ஹைப்ரிட் எஸ்இ, எக்ஸ்எல்இ வேரியன்ட்களில் 19.6தான். எடையும் சேர்த்துத்தான் அந்தச் சரிவு, என்றாலும் பெரிய ரிம்மின் பங்கு அதில் உண்டு. 2025 மாடலிலிருந்து கேம்ரி ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது.

நகர நெரிசலில் குறுகிய ஓட்டம் அதிகம் என்பதால் இன்னொன்று. சிறிய டர்போ, நேரடி எரிபொருள் பீய்ச்சும் என்ஜின், என்ஜின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் பயணம்: இந்த மூன்றும் சேர்ந்தால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும், பெட்ரோல் வாடை வரும். ஆயில் இளகிப் போனால் டர்போ பேரிங் முதலில் தேயும். உங்கள் பயன்பாட்டுக்கு டர்போ இல்லாத பெட்ரோல் அல்லது ஹைப்ரிட் பாதுகாப்பு. டர்போதான் என்றால் கையேட்டில் "கடுமையான பயன்பாடு" என்று வரும் அட்டவணைப்படி ஆயில் மாற்றுங்கள்.

#13 · பின்னிருக்கை

மிட்சைஸ் ஹைப்ரிட் புதிதாக வாங்க முடியாவிட்டால், மூன்று வருடம் ஓடியதை எடுக்கலாமா? புதிய காம்பேக்டின் மேல் வேரியன்ட்டுக்குக் கிட்டத்தட்ட அதே தொகை. பாதுகாப்பில் எது மேல்?

#14 · பட்டறைக்குறிப்பு

பாதுகாப்பு: நட்சத்திர எண்ணிக்கையைக் குறுக்கே ஒப்பிடாதீர்கள். அமெரிக்காவின் முன்மோதல் மதிப்பீடு எடையில் 250 பவுண்டு, ஏறத்தாழ 113 கிலோ, வரம்புக்குள் இருக்கும் கார்களுக்கு இடையில் மட்டுமே ஒப்பிடத்தக்கது. காம்பேக்டின் ஐந்து நட்சத்திரமும் மிட்சைஸின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இரண்டு கார்கள் மோதினால் எடை கூடிய காரில் இருப்பவருக்கே அனுகூலம். பின்சீட்டில் ஆட்கள் அதிகம் என்பதால் ஐ.ஐ.எச்.எஸ். (அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) 2022 இறுதியில் திருத்திய பகுதி முன்மோதல் சோதனையைப் பாருங்கள். அதில் ஓட்டுநருக்குப் பின்னாலும் ஒரு பொம்மை வைக்கிறார்கள். பழைய மாடல் எடுத்தால் அந்த ஆண்டின் மதிப்பீட்டைத் தேடுங்கள், புதியதின் மதிப்பீட்டை அல்ல.

பழைய மிட்சைஸ் ஹைப்ரிட்டில் பார்க்க வேண்டியது:

பின்சீட்டுக்கு அருகில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் சல்லடை. அதைத் திறந்து பாருங்கள். தூசி அடைத்திருந்தால் பேட்டரி சூடாகவே ஓடியிருக்கிறது. துணி, பை எதையும் அதன் மேல் வைக்கக் கூடாது என்பதைப் பிறகும் நினைவில் வையுங்கள்.

பிரேக் டிஸ்க். ஹைப்ரிட்டில் பேட் தேய்வு குறைவு, அதனாலேயே காலிப்பர் பின்கள் இறுகிப்போய் ஒருபக்கமாகத் தேயும். உள்பக்கப் பேடையும் பாருங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கும் ஒரே காலமா? இரண்டு மட்டும் புதிதென்றால் ஏன் என்று கேளுங்கள். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது கீழ்க்கரத்தின் புஷ்.

டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தபடி ஏசி ஓட விடுங்கள். என்ஜின் எழும்போது ஸ்டீயரிங் உதறினால் என்ஜின் மவுண்ட் பார்க்க வேண்டும். திரவம் நிரப்பிய மவுண்ட் கசிந்தால் அடியில் கறுப்புப் பசை தெரியும்.

காரின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டுங்கள். கோளாறுக் குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும், சுயசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

இவை எல்லாம் தேறினால் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் நிறுத்துமிடப் பிரச்சினையைத் தீர்க்காது.

#15 · அளவுநாடா

டிக்கி பற்றிச் சுருக்கமாக. சிவிக் 419 லிட்டர், அக்கார்ட் 473, கேம்ரி 428. 54 லிட்டர் என்பது ஒரு சின்னக் கைப்பெட்டி. கொள்ளளவைவிட வாய் முக்கியம். விளக்குகளுக்கு நடுவே அகலத்தையும், மூடி திறந்த நிலையில் வாயின் உயரத்தையும் அளந்து உங்கள் பெரிய பெட்டி நுழையுமா பாருங்கள். வளைந்த கீல்கள் மூடும்போது உள்ளே இறங்கி பெட்டியை நசுக்கும். விலைகூடிய செடான்களில்கூட அவை உண்டு. ஒரு நாட்டு விவரத்தாளின் கன அடியை இன்னொரு நாட்டின் லிட்டரோடு ஒப்பிடாதீர்கள், அளக்கும் முறை வேறு. ஒன்று பெட்டிகளை அடுக்கி அளக்கிறது, மற்றது ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி.

இவருக்கு என் தேர்வு: சிவிக் அல்லது எலான்ட்ரா, ஹைப்ரிட் வேரியன்ட், கிடைக்கும் சின்ன ரிம். குழந்தைச் சீட் பயணி பக்கம் மாட்டி முதியவருக்கு இடம் போதவில்லை என்று நேரில் தெரிந்தால் மட்டும் கேம்ரி. அக்கார்ட் அந்த இடத்துக்கு நீளம்.

#16 · நெடுஞ்சாலை_விளக்கு

நான் கேம்ரி ஹைப்ரிட் எல்இ பக்கம். நிறுத்துவது தினமும் ஓரிரு நிமிடச் சிரமம், 300 கி.மீ. பயணம் ஐந்து பேருக்கு நான்கைந்து மணி நேரம். 32 செ.மீ. மீதி, தடுப்புக்கட்டை வைத்தால் போதுமானது. 133 மி.மீ. பக்கச்சுவரும் 22 கி.மீ. மைலேஜும் ஒரே காரில் கிடைக்கிறது. பட்டியலில் வேறு எதிலும் இந்த இரண்டும் சேர்ந்து வரவில்லை.

#17 · பின்னிருக்கை

சிவிக், எலான்ட்ரா, கேம்ரி மூன்றையும் குழந்தைச் சீட்டோடும் முதியவரோடும் போய்ப் பார்க்கிறோம். கடைசியாக ஒன்று: ஹைப்ரிட்களில் ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் தருகிறார்களாமே. இரவு நேர நெடுஞ்சாலைக்கு அது போதுமா?

#18 · டயர்_தடம்

மிதிக்கிற பட்டையில ஆணி குத்தினா கிட் போதும். பக்கச்சுவர் கிழிஞ்சா, ரிம் வளைஞ்சா கிட் எதுக்கும் ஆகாது. பசை ஊத்தின டயரை சில கடைக்காரங்க ஒட்டித் தர மறுப்பாங்க, காற்றழுத்த சென்சாரும் உள்ளே இருந்தா அதையும் துடைச்சு எடுக்கணும். பசை டப்பாவுக்குக் காலாவதித் தேதி உண்டு, பாருங்க.

டிக்கித் தரைக்கு அடியில குழி இருக்கான்னு தூக்கிப் பாருங்க. இருந்தா மெலிசான தற்காலிக ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் தனியா வாங்கி வைக்கலாம்; போல்ட் இடைவெளியும் நடுத்துளையும் அந்த மாடலுக்கே பொருந்தணும், பிரேக் காலிப்பர்ல இடிக்கக் கூடாது. அதுல வழக்கமா 60 பி.எஸ்.ஐ. அடைக்கணும், 80 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது. ரெண்டுமே அந்த டயர் மேலயே எழுதியிருக்கும். மாசத்துக்கு ஒருதடவை காற்று பாருங்க, தேவைப்படுற அன்னைக்கு அதுவும் தட்டையா கிடக்கக் கூடாது. முன்டயர் போச்சுன்னா மெலிசு ஸ்டெப்னியை முன்னாடி போடாதீங்க. பின்சக்கரத்தைக் கழட்டி முன்னே போட்டுட்டு ஸ்டெப்னியைப் பின்னாடி மாட்டுங்க. இழுக்கிறதும் திருப்புறதும் பிரேக்கோட பெரும்பங்கும் முன்சக்கரம்தான்.